முன்பல்லும் மூன்றாம் டிவிஷனும்

கோயிலிலும் பாசாரிலும் பார்க்கிறவர்கள் எல்லாரும் இப்போது என் வாயைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள், "எனக்கும் இங்க ஒரு பல்லு இருக்கு பாருங்க" என்று தங்கள் வாயைத் திறந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தரம் பார்க்கும் வேலை செய்தவள். அரிசி மணியைவிடச் சின்ன சாமானைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும், சந்தேகம் வந்ததையெல்லாம் அதில் எழுதுவேன். வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது, நோட்டை மட்டும் விடவில்லை. மீன்காரர் இன்று பிடித்த மீன் என்று சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்த அன்று நான் கேட்ட கேள்விகளை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். "லாரி லைசன்ஸ கொண்டா, பாக்கணும்னு கேட்ட ஒரே பொண்ணு நீதான்."

பல் விஷயத்துக்கு வருகிறேன். மேல்வரிசையில் இடதுபக்க முன்பல் எனக்குப் பன்னிரண்டு வயதில் மூளியானது. நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் லாரியிலிருந்து குதித்து விழுந்ததில் வந்த வினை. பிறகு அந்தப் பல் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமானது. வலி ஒன்றும் கிடையாது, அதனால் கவலையும் கிடையாது. சிரிக்கும்போது உதட்டை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன். என் மகள் சுமதிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். "ஏன்மா எல்லா படத்துலயும் கோவமாவே இருக்கீங்க?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. அவள் கல்யாணப் படத்திலாவது வாயைத் திறந்து சிரிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஆயர் குரோவில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். படம் எடுக்கணும், ஈறு சுத்தம் பண்ணணும், உள்ளே நரம்பு செத்திருந்தால் வேர் சிகிச்சை பண்ணணும், அப்புறம்தான் பல்லுக்கு உறை போடணும் என்றார் அந்த டாக்டர். ஒரு பல்லுக்கு நான்கு வேலையா? நோட்டில் பக்கம் பக்கமாகக் கேள்விகள் எழுதினேன். ஏன் நாலு தடவை வரணும்? உறை போட நல்ல பல்லை ஏன் ராவணும்? யார் கண்டது, இவர் ராவி ராவி எல்லாப் பல்லுக்கும் உறை மாட்டிவிடுவார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். காடியில் ஏறியதும் வீட்டுக்காரரிடம், "திருட்டுப் பயலுங்க" என்றேன். அவர் வண்டியை எடுத்தார்.

அடுத்த வாரம் புலாவ் செபாங் பக்கத்துக் கோயில் திருவிழாவில் தேவியைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். யாரோ ஒருத்தி அவளிடம், "நீ ஒட்டின பல்லு சூப்பரா இருக்கு லா" என்று இளித்துக் காட்டிவிட்டுப் போனாள். இளித்துக் காட்டியவளின் பல்லெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. நான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

நம்மவர்கள் விசாரிப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

"நீ எந்த எஸ்டேட்மா?"

அவள் சொன்னாள். என்னுடைய எஸ்டேட்!

"எந்த டிவிஷன்?"

"மூணாவது டிவிஷன் அக்கா. ஸ்டோர் பக்கத்து லயம். எங்கப்பா டிராக்டர் ஓட்டினாரு."

"டிராக்டர் மாணிக்கம் மகளா நீ!"

அவ்வளவுதான். எனக்குள் இருந்த தரம் பார்க்கிறவள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டாள். மாணிக்கம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவந்து போட்டவர். அவர் மகள் என்னை ஏமாற்றுவாளா? சிரிக்கும்போது தேவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கில் கொஞ்சம் கோணலான பல் தெரிந்தது. அழகு நிலையத்துக்காரிகளின் மினுக்கு இல்லாத அடக்கமான பிள்ளை என்று அதையும் அவள் கணக்கில் நல்லதாகவே சேர்த்துக்கொண்டேன்.

அவள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். என் கட்டிலில் என்னைப் படுக்க வைத்து, பல்லைச் சின்ன அரத்தால் தேய்த்து, பசை தடவி, ஆறு வெள்ளைத் தகடுகளை வரிசையாக ஒட்டினாள். நீல வெளிச்சம் வரும் டார்ச்சை அடித்துக் காயவைத்தாள். ஒரு மணி நேர வேலை. "லைஃப்டைம் கேரண்டி அக்கா" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. நண்டுக் குழம்பு வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பல்லைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் வாயில் நாற்றம் வந்தது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். தேவிக்குப் போன் போட்டேன். "உப்புத் தண்ணி கொப்புளிங்க அக்கா, செட் ஆவுது" என்றாள். ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தால் மேலுதடு ரப்பர்ப் பந்து மாதிரி வீங்கியிருந்தது. மதியத்துக்குள் வீக்கம் கன்னத்தில் ஏறி இடது கண்ணைப் பாதி மூடிவிட்டது. எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வேறு உண்டு. வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காடிச் சாவியை எடுத்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒன்று கவனித்தேன். இவ்வளவு வலியிலும் என் சந்தேகம் குறையவில்லை. விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். எடுத்த நர்ஸ் மிஸ்ஸியிடம் ஊசி புதுசா என்று கேட்டேன். கையில் ட்ரிப் மாட்டினார்கள். பையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒற்றைக் கண்ணால் படித்தேன். முகத்தைச் சுற்றி வரும் ஒரு இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மேல் கீழ் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டுகிற இயந்திரமாம். முன்பல் மட்டும்தானே வலிக்கிறது, எதற்கு முப்பது பல்லையும் எடுக்கிறீர்கள் என்றேன். படம் எடுத்த மலாய்க்கார அபாங் சிரித்துவிட்டு, அசையாமல் நிற்கச் சொன்னார்.

வார்டில் சேர்த்தபிறகு பல் டாக்டர் வந்தார். டாக்டர் யாழினி. சுமதியைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். தமிழ்ப் பிள்ளை என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"எந்த எஸ்டேட்மா?"

"எஸ்டேட் இல்ல ஆன்ட்டி. ஈப்போ டவுன்."

"உங்க தாத்தா?"

"அவரும் டவுன்தான்." அதற்குமேல் இடம் கொடுக்காமல் என் வாயைத் திறக்கச் சொன்னார்.

வந்த தெம்பு போய்விட்டது. எந்த ஊர், யார் வீடு என்று எதிலும் சேர்க்க முடியாத பிள்ளை. நோட்டை எடுத்தேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். பல்லுக்கு நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும். அன்றைக்கு விழுந்த அடியில் என் முன்பல்லின் நரம்பு எப்போதோ செத்துவிட்டது. அதனால்தான் பல் சாம்பலானது, அதனால்தான் வலியும் இல்லை. செத்த நரம்பு பல்லுக்குள் கிருமிக்குக் குடிவைத்த வீடு மாதிரி. அது பல வருடம் சும்மா இருந்தது. அதற்குமேல் தகட்டை ஒட்டி, தகட்டின் ஓரத்தை ஈறுக்குள் சொருகிவிட்டதால் சாப்பாடு போய் அடைந்து ஈறும் அழுகியது. இனிப்புநீர் ஏறிக் கிடந்ததில் உடம்புக்கும் எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை. வேர் நுனியில் சீழ் கட்டி மேலே ஏறுகிறது.

"மேல கண்ணு இருக்கு ஆன்ட்டி. அதுக்கும் மேல மூளை இருக்கு. அதான் உங்கள வீட்டுக்கு அனுப்பல."

பயம் அப்போதுதான் வந்தது. ஆனாலும் நான் கேட்டது வேறு.

"பல்லைப் பிடுங்குவீங்களா?"

"முதல்ல சீழ எடுப்போம். பல்ல காப்பாத்தப் பாப்போம். ஆனா ப்ராமிஸ் பண்ண முடியாது."

கேரண்டி கொடுத்தவளிடம் ஒரு கேள்வி கேட்காதவள், ப்ராமிஸ் பண்ண முடியாது என்று உள்ளதைச் சொன்ன டாக்டரைச் சந்தேகப்பட்டேன். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பாரம் வந்தது. தேவைப்பட்டால் பல்லை எடுக்க நேரிடலாம் என்று மலாயில் ஒரு வரி இருந்தது. இந்த வரியை அடித்தால்தான் கையெழுத்து என்றேன். இன்னும் ஒன்றரை மாதத்தில் என் மகள் கல்யாணம், முன்பல் இல்லாமல் நான் மேடையில் நிற்கமாட்டேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வீங்கின கண்ணில் கண்ணீர் வருவது எவ்வளவு எரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அந்த வரிய அடிச்சுட்டு நான் ஆரம்பிச்சா, நடுவுல ஆபத்துனா என் கைய கட்டிப் போட்ட மாதிரி. பல்லு இல்லாட்டியும் வேற பல்லு வைக்கலாம். வேற கண்ணு வைக்க முடியாது."

கையெழுத்துப் போட்டேன். நம்பிப் போடவில்லை, வேறு வழி இல்லாமல் போட்டேன்.

உதட்டுக்கு உள்பக்கம் கீறிச் சீழை வெளியே எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், சீழ் இருக்கும் இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காதாம். வலித்தது. பொய் சொல்லமாட்டேன். வெளியே வந்த நாற்றத்தில் எனக்கே குமட்டியது. டாக்டர் முகம் சுளிக்கவில்லை. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் தினமும் இரண்டு வேளை வந்தார். முப்பது வருடமாகக் கோப்பிகூடக் கலக்காத மனிதர். கஞ்சி வைத்து, அதைத் தேங்காய்ப்பால் வடிகட்டியில் மசித்து வடிகட்டிக் கொண்டுவந்தார். முதல் நாள் கஞ்சியில் உப்பே இல்லை. இரண்டாம் நாள் இரண்டு நாள் உப்பும் சேர்ந்து இருந்தது. குடித்தேன். என் கைப்பையில் இருந்த கண்ணாடியை எனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்துவிட்டார். முகம் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, "என் மூஞ்சியப் பாரு, போதும்" என்றார். சுமதி கோலாலம்பூரிலிருந்து லீவு போட்டு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். "நான் அந்தப் படத்தப் பத்திச் சொல்லியிருக்கவே கூடாதும்மா" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

மூன்றாம் நாள் வீக்கம் இறங்கிக் கண் திறந்தது. இனி அந்தத் தகடுகளைக் கழற்ற வேண்டும். டாக்டர் கேட்டார்: "இது யாரு ஒட்டினது ஆன்ட்டி?"

"கே.எல்.ல ஒரு கிளினிக். பேரு மறந்துபோச்சு."

துளிகூடத் தயங்காமல் வந்தது பொய். டிராக்டர் மாணிக்கம் மகளை ஈப்போ டவுன்காரியிடம் காட்டிக்கொடுப்பதா? டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பேரு வேணாம். என்ன பசைனு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. சில பசை பல்லோட மேல்தோலையும் சேத்து உரிச்சுடும். தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி கழட்டுவேன். அந்த முன்பல்லுல மிச்சம் இருக்கறதே கொஞ்சம்."

தேவியின் நம்பருக்காக நோட்டைத் திறந்தேன். அவளுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. மேலே பெயர், போன் நம்பர். கீழே மூன்றாம் டிவிஷன், ஸ்டோர் பக்கத்து லயம். அப்பா பெயர், அம்மா பெயர், அண்ணன் இப்போது எங்கே வேலை, கட்டிக்கொடுத்த இடம், குலதெய்வம். பக்கம் நிறைந்திருந்தது. பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் டாக்டர் யாழினிக்கு நாற்பத்தோரு கேள்விகள். எனக்கு முகம் சுட்டது.

தேவிக்குப் போன் போட்டேன். "ஸ்பெஷல் பசை அக்கா, ஆன்லைன்ல வாங்கறது" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை.

பசை என்னவென்று தெரியாமலே டாக்டர் கழற்றினார். இழுக்கவில்லை. சின்னச் சக்கரத்தால் தகட்டை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ராவிக் கரைத்தார். ஆறு தகட்டுக்கு மூன்று மணி நேரம், நடுவில் இரண்டு தடவை ஓய்வு. மறுநாள் முன்பல்லின் பின்பக்கத்தில் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே அழுகிக் கிடந்த நரம்பைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து மூடினார். வேர் சிகிச்சை என்பது இவ்வளவுதான், வேரைப் பிடுங்குவது இல்லை. நான் அதுவரை பிடுங்குவது என்றே நினைத்திருந்தேன். நாற்பத்தோரு கேள்விக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். உங்களில் பலரும் கேட்பதால் முக்கியமானதைச் சொல்கிறேன். வெளுக்கிற மருந்து நம் சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், உறையையோ அடைப்பையோ வெளுக்காது. அதனால் வெளுப்பதானால் முதலில் வெளுத்துவிட்டு, அந்த நிறத்துக்கு உறை செய்ய வேண்டும். உறைக்காகப் பல்லைக் கொஞ்சம் ராவுவது இடம் வேண்டுமே என்பதற்காக. ராவாமல் மேலே ஒட்டினால் பல் தடித்து ஈறை அழுத்தும். எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டேன். "நீங்க பாத்துக்கறதப் பொறுத்து. ஆயுசுக்கும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க" என்றார்.

பல் நிலைத்தது. உறை போட நாள் போதவில்லை, ஈறு முழுசாக ஆற வேண்டுமாம். கல்யாண மேடையில் அதே சாம்பல் பல்லோடுதான் நின்றேன். படக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். சுமதி அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் தேவி வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழப் பை. என் முகத்தைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. நடிப்பு என்று சொல்லமாட்டேன்.

"அக்கா, உங்களுக்கு இனிப்புநீர் இருக்குனு சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலயேம்மா."

கொஞ்ச நேரம் பழப் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர்கிட்ட எம்பேரு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க அக்கா. போலீசு அது இதுன்னு ஆயிடும். எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. நீங்க நம்ம ஆளு, அதான் நேர்லயே வந்தேன்."

"இந்த வாரம் யாருக்காவது ஒட்டறியா?"

"சனிக்கிழமை மூணு பேரு. எல்லாம் நம்ம டிவிஷன் ஆளுங்கதான்."

தலையணைக்குக் கீழே இருந்து நோட்டை எடுத்தேன். அவள் பக்கத்தைத் திறந்தேன். எங்கே படித்தாய் என்று கேட்டேன். மூன்று நாள் கோர்ஸ், ஒரு ஹோட்டல் அறையில், என்றாள். படம் எடுத்துப் பார்க்காமல் உள்ளே நரம்பு செத்திருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். பழப் பையைக் கீழே வைத்தாள். பசையின் பெயர் கேட்டேன். டப்பாவில் சீனத்தில் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரியாது என்றாள். பதில் சொல்லச் சொல்ல அவள் குனிந்துகொண்டே போனாள். மாணிக்கம் அண்ணன் எங்கள் வாசலில் விறகை இறக்கிவிட்டு வியர்வை துடைப்பது கண்முன் வந்து நின்றது. போதும், விட்டுவிடலாம் என்று நோட்டை மூடப்போனேன்.

அப்போது அவள் சங்கடமாகச் சிரித்தாள். வழக்கம்போலக் கை வாய்க்குப் போனது. அந்தக் கோணல் பல் தெரிந்தது.

"தேவி, உன் பல்லுல ஏம்மா நீ ஒட்டிக்கல?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஐயோ, எனக்கு பயம் லா அக்கா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவள் எழுந்து என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவள் சொன்னதை அவள் பக்கத்தின் கடைசியில் எழுதினேன். மறுநாள் காலை டாக்டர் யாழினி வந்தபோது அந்தத் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.